லிங்கனில் டாம் ஆஸ்போர்னுக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

தம்பி, நெப்ராஸ்காவின் லிங்கனுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டது இது: "ஆபீசில் எல்லோரும் டாம் ஆஸ்போர்ன் பெயரைச் சாமி பெயர் மாதிரி சொல்கிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சாக இருந்தவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போய், அப்புறம் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கே தலைவரானாராமே, அது அரசியல் செல்வாக்கில் கிடைத்த பதவியா?"

இல்லை. அரசியலில் தோற்று வெளியே வந்த பிறகுதான் அந்தப் பதவி அவரைத் தேடி வந்தது.

விளையாட்டுத் துறைத் தலைவரை இங்கே அத்லெடிக் டைரக்டர் என்பார்கள். அதைக் கேட்டதும் நம் ஊர்க் கல்லூரி உடற்கல்வி இயக்குநரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அவர் பொறுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட அணிகள், ஸ்டேடியம், டி.வி. பணம், நன்கொடையாளர்கள், எல்லாம் இருக்கின்றன. கோச்சுகளை எடுப்பதும் அனுப்புவதும் அவர்தான். மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற அணிகளின் செலவைப் பெரும்பாலும் ஃபுட்பால் வருமானம்தான் தாங்குகிறது. கோச்சாக இருந்தவர் இந்த நாற்காலிக்கு வருவது இங்கே புதிதும் இல்லை. ஆஸ்போர்னைச் சேர்த்துக்கொண்டு வளர்த்த பாப் டெவனி 1970, 1971 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் வென்ற கோச். அவரே பல ஆண்டுகள் அத்லெடிக் டைரக்டராகவும் இருந்தார்.

ஆஸ்போர்ன் பக்கத்து ஹேஸ்டிங்ஸ் ஊர்க்காரர். கல்வி உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1973-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் தலைமை கோச் ஆனார். 25 சீசனில் 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. எந்த ஆண்டும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை. ஆனால் உங்கள் ஆபீஸ் பெரியவர்கள் முதலில் சொல்லப்போவது ஒரு தோல்வியைத்தான். மயாமி பல்கலைக்கழக அணிக்கு எதிரான 1984 ஆரஞ்சு பௌல், சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டம். கடைசி நிமிடத்தில் 31-30 என்று நெருங்கிவிட்டார்கள். டச்டவுன் எடுத்த பிறகு கூடுதலாக ஒரு புள்ளிக்குப் பந்தை உதைக்கலாம், அல்லது இரண்டு புள்ளிக்கு முயலலாம். ஒரு புள்ளிக்கு உதைத்திருந்தால் ஆட்டம் சமன், பட்டமும் அநேகமாகக் கைக்கு வந்திருக்கும். அவர் வெற்றிக்காக இரண்டு புள்ளிக்கே முயன்றார். பந்து கைக்குச் சிக்கவில்லை. முதல் பட்டம் கிடைக்க இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1994, 1995, 1997 என்று மூன்று பட்டம் வென்று ஓய்வு பெற்றார். ஆரஞ்சு பௌலில் எடுத்த அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

எல்லாம் புகழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். 1995-ல் முன்னாள் காதலியைத் தாக்கிய ஓர் ஆட்டக்காரரை அதே சீசனில் திரும்ப அணியில் சேர்த்தார். கட்டுப்பாடான சூழல் அந்தப் பையனைத் திருத்தும் என்பது அவர் வாதம். அடிபட்ட பெண்ணின் பக்கம் போதுமான அளவு பார்க்கவில்லை என்பது என் கருத்து.

அப்புறம் 2000 தேர்தலில் அபார வெற்றி பெற்று மூன்று முறை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். 2006-ல் ஆளுநர் பதவிக்குக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்றார். அடுத்த ஆண்டு ஃபுட்பால் அணி சரிந்தது. அக்டோபரில் அத்லெடிக் டைரக்டரை நீக்கிய பல்கலைக்கழகம் தற்காலிகமாக வரச் சொல்லி ஆஸ்போர்னைக் கூப்பிட்டது. வந்தவர் 2013 தொடக்கம் வரை இருந்தார். ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று சீசன் முடிந்ததும் ஃபுட்பால் கோச் பில் கலஹனை அனுப்பிவிட்டு போ பெலினியைக் கொண்டுவந்தார்.

உங்கள் கேள்விக்குச் சரியான பதில் இருப்பது 2010-ல். அந்த ஜூனில் நெப்ராஸ்கா, பிக் 12 என்ற பல்கலைக்கழக அணிகளின் லீகை விட்டு பிக் டென் என்ற இன்னொரு லீகில் சேர முடிவு செய்தது. பணம், நிலைத்தன்மை இரண்டும் அங்கே அதிகம். ஆனால் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியோடு தலைமுறை தலைமுறையாக இருந்த பகையையும், டெக்ஸஸில் ஆட்டக்காரர்களைத் தேடும் வசதியையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வேறு யார் செய்திருந்தாலும் ஊர் கொதித்திருக்கும். ஓக்லஹோமாவோடு 25 ஆண்டு மோதியவரே 'போகலாம்' என்றதால்தான் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். எந்த அரசியல் செல்வாக்கும் இந்த நம்பிக்கையை வாங்கித் தந்திருக்காது. முடிவு சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது. 1999-க்குப் பிறகு ஃபுட்பாலில் எந்த லீக் பட்டமும் வரவில்லை என்பார் ஒருவர். மற்ற அணிகளையும் காப்பாற்றும் வருமானம் வந்ததே என்பார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம். 2023-ல் ஃபுட்பால் நடக்கும் இதே மெமோரியல் ஸ்டேடியத்தில் பெண்கள் வாலிபால் பார்க்க 92,003 பேர் வந்தார்கள். ஃபுட்பாலை மட்டும் கவனிக்கும் துறையில் அது நடக்காது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? சொந்த ஊர் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் டவுன்டவுனில் காரை எடுக்காதீர்கள். 1962 முதல் ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மீந்ததில்லை என்பது இவர்கள் பெருமை. சகாக்களோடு பழக வேண்டுமென்றால் டீம்மேட்ஸ் என்ற வழிகாட்டும் திட்டம் பற்றி விசாரியுங்கள். 1991-ல் ஆஸ்போர்னும் மனைவி நான்சியும் தொடங்கியது. முதலில் அவர் அணியின் 22 ஆட்டக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போனார்கள். இப்போது நம்மைப் போன்றவர்களும் சேரலாம். வாரம் ஒரு முறை பள்ளிக்குப் போய் ஒரு மாணவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபுட்பால் விதி தெரியவேண்டிய அவசியமில்லை.

முதல் ஆட்டம் பார்ப்பதாக இருந்தால் அயோவா பல்கலைக்கழக அணியோடு நடப்பதைப் பாருங்கள். நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை நடக்கும்; அன்று அயோவாவோடு மோதுவது பிக் டென்னுக்குப் போனதால் வந்த வழக்கம். லிங்கனில் நடக்கும் ஆண்டாகப் பார்த்துக் கேளுங்கள், டிக்கெட் தேட நான் உதவுகிறேன். தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு வாருங்கள், குளிர் கடுமையாக இருக்கும்.