டேட்டா ஏறல, பேக்கப் மட்டும் ஏன் வீங்குது?

கேள்வி: அண்ணா, மொரீஷியஸ் எபென் சைபர்சிட்டில ஒரு கம்பெனில எஸ்க்யூஎல் சர்வர்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கிறேன். டேட்டாபேஸ் 600 ஜிபி, ஒரு வருஷமா பெருசா ஏறவே இல்ல. ஞாயித்துக்கிழமை ஃபுல் பேக்கப், மத்த நாள் டிஃபரென்ஷியல் (ஃபுல்லுக்கு அப்புறம் மாறினது மட்டும்), 15 நிமிஷத்துக்கு ஒரு லாக் பேக்கப் (நடந்த மாற்றங்களோட பதிவு), எல்லாம் 30 நாள் வச்சிருப்போம். தைப்பூசக் காவடிக்கு முன்னாடி இரண்டரை டெராபைட்ல நின்னுச்சு, இப்ப 10 டெராவைத் தொடுது. புது ஸ்டோரேஜுக்கு கொட்டேஷன் வந்தாச்சு, மேனேஜர் கையெழுத்து போடப்போறாரு. வாங்கிடலாமா? ஒரே நல்ல சேதி, ராத்திரி மெயின்டனன்ஸ் ஜாப் போட்டதுல இருந்து ரிப்போர்ட் எல்லாம் ஸ்பீடா வருது.
- வாசகர், ரோஸ் ஹில்

பதில்: தம்பி, அந்தக் கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்க. கடைசில நல்ல சேதின்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு சந்தேகமே அதுமேலதான். ஆனா வெறும் சந்தேகத்தை வச்சு மேனேஜர்கிட்ட பேச முடியாது, கணக்கு வேணும்.

சர்வர் தன் சொந்தக் கணக்கை வச்சிருக்கிற எம்எஸ்டிபி டேட்டாபேஸ்ல பேக்கப்செட்னு ஒரு டேபிள் இருக்கு. ஹிஸ்டரியை யாரும் அழிக்கலன்னா எடுத்த ஒவ்வொரு பேக்கப்புக்கும் அங்க ஒரு வரி இருக்கும், எந்த தேதி, எவ்வளவு சைஸ், கம்ப்ரஸ் ஆனப்புறம் எவ்வளவுன்னு. டைப்ங்கிற இடத்துல டி, ஐ, எல்னு வரும். டின்னா டிஃபரென்ஷியல்னு நினைச்சு நான் ஒரு நாள் பூரா தப்பாவே கூட்டிக்கிட்டு இருந்திருக்கேன், டி-தான் ஃபுல், ஐ டிஃபரென்ஷியல், எல் லாக். மூணையும் தனித்தனியா நாள்வாரியா கூட்டிப் பாருங்க. ஃபுல் அப்படியே இருந்து மத்த ரெண்டும் ஒரே ராத்திரில தாவியிருந்தா, அந்த தேதியையும் மெயின்டனன்ஸ் ஜாப் ஓட ஆரம்பிச்ச தேதியையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.

என்ன நடக்குதுன்னா, டிஃபரென்ஷியல் வந்து போன ஃபுல்லுக்கு அப்புறம் மாறின எக்ஸ்டென்ட் எல்லாத்தையும் எடுக்கும், ஒரு எக்ஸ்டென்ட்னா 8 பேஜ் (பேஜ்னா டேட்டா எழுதற சின்னத் துண்டு), 64 கேபி, உள்ள ஒரு வரி மாறினாலும் 64 கேபியும் போகும். ராத்திரி ஜாப் எல்லா இன்டெக்ஸையும் (டேட்டாவைச் சீக்கிரம் தேடிப்பிடிக்க வச்சிருக்கிற அடுக்கு) ரீபில்ட் பண்ணுதுன்னா, அதாவது புதுசா அடுக்குதுன்னா, உங்க டேட்டால ஒரு எழுத்துகூட மாறல, ஆனா அத்தனையையும் புது பேஜ்ல திரும்ப எழுதுது, சர்வர் கண்ணுக்கு எல்லாமே மாறினதுதான். திங்கக்கிழமை டிஃபரென்ஷியலே கிட்டத்தட்ட ஃபுல் சைஸுக்கு வந்துடும். கம்ப்ரஸ் ஆனப்புறம் ஃபுல் 200 ஜிபி, டிஃபரென்ஷியல் 180ன்னு வைங்க, மாசத்துக்கு 26 தடவைன்னா அதுவே 4.7 டெரா ஆச்சு, மிச்சத்தை லாக் தின்னிருக்கும், ஏன்னா ஃபுல் ரெக்கவரிங்கிற செட்டிங்ல (எல்லா மாற்றமும் முழுசா லாக்ல பதிவாகும்) ரீபில்ட் முழுசா லாக்ல ஏறும்.

அந்த செட்டிங்கை பல்க்-லாக்டுக்கு (ரீபில்ட் மாதிரி பெரிய வேலையை லாக்ல சுருக்கமா எழுதறது) மாத்துன்னு யாராவது சொல்லுவாங்க. லாக் ஃபைல் சின்னதாகும், ஆனா லாக் பேக்கப் ரீபில்ட் மாத்தின எக்ஸ்டென்ட்டையும் சேர்த்தே தூக்கிட்டுப் போகும், அதனால டிஸ்க்ல ஒண்ணும் மிச்சமாகாது. சிம்பிள்ங்கிற செட்டிங்குக்குப் போனா லாக் பேக்கப்பே கிடையாது, மத்தியானம் 3 மணிக்கு யாராவது டேபிளை அழிச்சா 2:59க்கு திரும்ப வர வழியில்ல.

ரிப்போர்ட் ஸ்பீடானது ரீபில்டால இல்லாமகூட இருக்கலாம். ரீபில்ட் பண்ணும்போது அந்த இன்டெக்ஸோட ஸ்டாட்டிஸ்டிக்ஸும் (டேட்டா எப்படிப் பரவியிருக்குன்னு சர்வர் வச்சிருக்கிற குறிப்பு, அதைப் பார்த்துதான் தேடற வழியை முடிவு பண்ணும்) புதுசாகும், நிறைய இடத்துல வேலை செய்யறது அதுதான். ராத்திரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அப்டேட் மட்டும் போடுங்க, அது எழுதறது ரொம்ப கொஞ்சம். ரீபில்ட் வேணும்னா தேவையான இன்டெக்ஸுக்கு மட்டும், ஞாயித்துக்கிழமை ஃபுல்லுக்கு முன்னாடி. பழைய ஃபைல் 30 நாள்ல தானா கழியும். இடம் பத்தலன்னு ஃபுல்லை மட்டும் கையால அழிச்சிடாதீங்க, அதை நம்பி நிக்கிற டிஃபரென்ஷியல் எல்லாம் குப்பை. வெளியூர் காப்பியையும் தொடாதீங்க, 2024 ஜனவரி 15 பெலால் புயல்ல போர்ட் லூயிஸ் ரோட்டுல கார் மிதந்ததைப் பார்த்தோம்ல.

கேள்வி: மெயின்டனன்ஸ் பிளான்ல 30 நாளுக்கு மேல ஆன பேக்கப்பை அழிக்கச் சொல்லி வச்சிருக்கேன். ஜாப் பச்சையாதான் முடியுது, ஆனா ஒரு ஃபைலும் போகல.
- வாசகி, கியூர்பிப்

பதில்: எக்ஸ்டென்ஷன் பெட்டில புள்ளி வச்சு அடிச்சிருக்கீங்களான்னு பாருங்கம்மா, புள்ளி இல்லாம வெறும் பி ஏ கே மட்டும்தான் இருக்கணும். அது சரியா இருந்தா, ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி ஃபோல்டர் போட்டிருப்பீங்க, சப்ஃபோல்டரையும் சேர்க்கச் சொல்ற டிக் பெட்டி ஒண்ணு கீழ இருக்கும், அதை டிக் பண்ணுங்க.