டீத்தூள் காட்டிக்கொடுத்த விரிசல்

பாய்லர்களிலும் அழுத்தக் கலன்களிலும் விரிசல் தேடுவது என் பிழைப்பு; விண்வெளி நிலையங்கள் என் பைத்தியம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2019-ல் தொடங்கிய காற்றுக் கசிவு பற்றி நம் குழுவினர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கே: விண்வெளியில் ஓட்டை விழுந்தால் அடுத்த நொடியே ஆளை உறிஞ்சிவிடாதா சார்? சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்?

சினிமாவை விடுங்கள். ரஷ்யாவின் ஸ்வெஸ்தா பகுதியின் வால்புறத்தில், சரக்குக் கலம் வந்து பொருந்தும் வாசலுக்குப் போக ஒரு குட்டி வழி இருக்கிறது. கசிவு அங்கேதான். 2024 ஏப்ரலில், உச்சத்தில் இருந்தபோது, நாளொன்றுக்குப் போனது சுமார் 1.7 கிலோ காற்று. நிலையத்துக்குள் ஏறக்குறைய 1,000 கன மீட்டர் இடம். ஒரு டன்னுக்கு மேல் காற்று இருக்கும். கணக்குப் போட்டால் தினமும் அரைக்கால் சதவீதம். சிலிண்டரில் கொண்டுபோய் ஈடுகட்டிவிடலாம்.

என் கவலை போகிற காற்றைப் பற்றியது அல்ல. விரிசல் இன்று ஒரு விரற்கடை இருக்கும், நாளை எவ்வளவு என்று யார் கண்டது? உலோகம் சொல்லிவிட்டுக் கிழியாது.

கே: இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இது நல்ல கதை. 2020 ஆகஸ்டில் மூன்று பேரும் ஸ்வெஸ்தா பக்கம் ஒதுங்கிக்கொண்டு, மற்ற பகுதிகளின் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு, எங்கே அழுத்தம் இறங்குகிறது என்று பார்த்தார்கள். எங்கும் இறங்கவில்லை. திருடன் அவர்கள் படுத்திருந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்!

அக்டோபரில் வேறு வழி. ஒரு டீ பையைப் பிரித்துத் தூளை அந்த அறையில் மிதக்கவிட்டு, கேமராவை ஓடவிட்டு, கதவை மூடினார்கள். எடையற்ற இடத்தில் தூள் கீழே விழாது. காற்று இழுக்கும் பக்கம்தான் நகரும். துணுக்குகள் மெல்ல நகர்ந்து, சுவரில் ஒரு கீறலருகே போய்ச் சேர்ந்தன. நாங்கள் இங்கே சோப்பு நுரை தடவிக் குமிழ் பார்ப்போம். அதற்குச் சற்றும் குறையாத வித்தை.

கே: அண்ணே, வெல்டிங் வைத்தால் முடிந்தது. இதற்கு ஐந்தாறு வருஷமா?

தம்பி, பட்டறையில் நான் முதலில் கேட்பது "விரிசல் ஏன் வந்தது?" என்றுதான். அதிலேயே ஒத்த கருத்து இல்லை. நுண்ணதிர்வுகளால் உலோகம் சோர்ந்துபோனது என்கிறது ரஷ்யத் தரப்பு. அழுத்தம், வெல்டிங்கின்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை (தகைவு), உலோகத்தின் தன்மை, சூழல் எல்லாம் சேர்ந்த வினை என்கிறது நாசா. ஸ்வெஸ்தா ஏவப்பட்டது 2000 ஜூலையில் என்றாலும், அதன் கூடு 1980களில் செய்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆள் குடியிருக்கும் கலத்துக்குள் வெல்டிங்கா? 1969-ல் சோயுஸ்-6 என்ற ரஷ்ய விண்கலத்தில் முயன்றார்கள்; கருவி கலத்தையே பொத்தல் போடப் பார்த்தது. அதனால் பசை, ஒட்டு என்றுதான் ஓடுகிறது.

கே: அந்தக் கதவை நிரந்தரமாகச் சாத்திவிட்டால்?

முடியும். முற்றினால் அதுதான் திட்டம். ஆனால் ரஷ்யப் பக்கத்தில் உள்ள நான்கு வாசல்களில் ஒன்று போய்விடும். அந்த வாசலில் நிற்கும் கலம்தான் நிலையத்தை அவ்வப்போது மேலே தள்ளிவிடும், எரிபொருளும் கொடுக்கும். அதனால் சரக்கு இறக்கும்போது மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அமெரிக்கப் பக்கத்துக்கு இடையிலுள்ள கதவு மூடியிருக்கும்.

கே: சுபான்ஷு சுக்லா பயணம் தள்ளிப்போனதும் இதனாலா?

பாதி. 2025 ஜூனில் முதலில் ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு. பிறகு ஸ்வெஸ்தா. விசித்திரம் என்னவென்றால், அப்போது அந்த வழியில் அழுத்தம் இறங்காமல் நின்றுவிட்டது! அடைத்தது பலித்ததா, இல்லை கதவின் ரப்பர் வழியே உள்ளேயிருந்து காற்று வந்து நிரப்புகிறதா? மானியின் முள் நின்றதும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவன் எங்கள் தொழிலுக்கு ஆகமாட்டான். நிறுத்திப் பார்த்தது சரி. ஜூன் 25-ல் கிளம்பினார்கள்.

கே: விரலால் ஓட்டையை அடைத்தார்களாமே, கதையா?

உண்மைதான். 2018 ஆகஸ்டில் சோயுஸ் கலத்தில் 2 மில்லிமீட்டர் துளை. ஜெர்மானியர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் கொஞ்ச நேரம் விரலை வைத்தார். பிறகு டேப், அதன்பின் எபாக்சிப் பசையில் தோய்த்த துணி.

கே: இதைவிட மோசமாக எங்காவது நடந்ததுண்டா?

மிர், ரஷ்யாவின் பழைய விண்வெளி நிலையம். 1997 பிப்ரவரியில் ஆக்சிஜன் தரும் குப்பி தீப்பிடித்தது. குப்பியே ஆக்சிஜன் கக்குகிறது. நெருப்பை மூச்சு முட்டவைக்க முடியாது. சில தீயணைப்பான்கள் சுவரைவிட்டுக் கழன்றே வரவில்லை. ஆறு பேர்; தப்பிக்க இருந்த இரண்டு கலங்களில் ஒன்று நெருப்புக்கு அந்தப் பக்கம்.

அதே ஆண்டு ஜூன் 25-ல் சரக்குக் கலம் மோதி மிரின் ஸ்பெக்டர் பகுதி பொத்தலானது. காதடைத்தது. கதவைச் சாத்தலாம் என்றால் வாசல் நிறைய கேபிள்கள். உள்ளே இருந்த விண்வெளி வீரர்கள் லாசுட்கினும் ஃபோலும் சிலவற்றைப் பிடுங்கினார்கள், சிலவற்றைக் கத்தியால் அறுத்தார்கள். உள்கதவோ வெளியேறும் காற்றை எதிர்த்து அசையவில்லை. இந்தப் பக்கமிருந்து ஒரு மூடியைத் தூக்கி வைத்தார்கள். அழுத்தமே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு வாசல் 80 செ.மீ. விட்டம் என்றால், முழு வெற்றிடத்துக்கு எதிரே 5 டன் பாரம்.

மின்சாரம் போய், நிலையம் சுழல ஆரம்பித்தது. ஃபோல் ஜன்னலில் கட்டைவிரலை நீட்டி, நட்சத்திரங்கள் நகர்வதைப் பார்த்துச் சுழலும் வேகத்தைக் கணக்கிட்டார். அதை வைத்து சோயுஸ் எஞ்சினை இயக்கி நிலையத்தைத் திருப்பினார்கள்.

கே: இவ்வளவு ஆனபின் பழசை ஏன் கட்டி அழ வேண்டும்?

420 டன்னை அப்படியே விட்டுவிட்டு வர முடியாதே ஐயா. அது தானாக இறங்கி எங்கே விழும்? 2030 வரை ஓட்டிவிட்டு, ஆளில்லாத கடலில் இறக்குவதுதான் திட்டம். தள்ளிவிடும் கலத்தைச் செய்ய ஸ்பேஸ்எக்ஸுக்கு 2024 ஜூனில் ஒப்பந்தம் தந்தார்கள்: 84.3 கோடி டாலர் வரை.

கே: சுனிதா வில்லியம்ஸ் பல் துலக்கும் பிரஷ்ஷால் ரிப்பேர் செய்தாராமே?

2012 செப்டம்பரில். மின் பெட்டியின் போல்ட் ஏறவில்லை. மரையில் உலோகத் துகள். ஜப்பானிய வீரர் ஹோஷிடேயும் அவரும் பிரஷ் கட்டிய கருவியால் மரையைத் துடைத்தபின் போல்ட் ஏறியது. பிரஷ் யாருடையது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.