டர்பைனுக்கு இரண்டாவது காவல் எதற்கு?

வணக்கம் சார்,

வளைகுடாவில் ஒரு மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் கேஸ் டர்பைனை ஓட்டுவது ஜிஇ நிறுவனத்தின் மார்க் 6 கட்டுப்பாட்டு அமைப்பு. அதில் ஆர், எஸ், டி என்று மூன்று கன்ட்ரோலர்கள். மூன்றில் இரண்டு சொல்வதுதான் நடக்கும். அது போதாதென்று பேக்கப் பாதுகாப்புக்காகத் தனியாக ஒரு மாட்யூல், அதற்குள்ளும் வீப்ரோ என்கிற பாதுகாப்புக் கார்டுகள் மூன்று. போன மாதம் அதில் ஒன்று பழுதாகிவிட்டது. மாற்றுக் கார்டின் விலையைக் கேட்டு மேலாளர் மலைத்துவிட்டார். “ஓவர்ஸ்பீடை (வேகம் எல்லை மீறுவதை) மெயின் கன்ட்ரோலரே பார்க்கிறது, இன்னும் ரெண்டு கார்டு நன்றாக இருக்கிறது, அடுத்த ஷட்டவுன் வரை இப்படியே ஓட்டு” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிகிறது. இந்தப் பேக்கப் உண்மையிலேயே அவசியமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேலாளர் கேட்பது நியாயமான கேள்வி. மூன்றுக்கு மேல் இன்னொரு மூன்று என்றால் பணம் கொடுப்பவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டு மூன்றுகளும் ஒரே வேலைக்கு வந்தவை அல்ல.

கன்ட்ரோலர்கள் ஓட்டுப் போடுவது எதற்கு? ஒன்றில் கார்டு எரிந்தாலோ ஒரு சென்சார் வயர் அறுந்தாலோ மற்ற இரண்டும் தாங்கிக்கொள்வதற்கு. ஆனால் மூன்றிலும் ஓடுவது ஒரே புரோகிராம். அதில் யாரோ ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால் மூன்றும் ஒருமனதாகத் தப்பு செய்யும். ஒரே நோட்டைப் பார்த்து எழுதிய மூன்று பையன்களின் விடை ஒத்துப்போவதில் என்ன ஆச்சரியம்? விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பேக்கப் மாட்யூல் அந்த நோட்டைப் பார்க்காமல் தானே கணக்குப் போடுகிறது. அதற்குத் தனி பிராசஸர், தனி பவர் சப்ளை, ரோட்டாரின் பல் சக்கரத்துக்கு முன்னால் வேகத்தை அளக்கத் தனி மேக்னெடிக் பிக்கப்புகள். கன்ட்ரோலரோடு நெட்வொர்க் அறுந்தாலும் அது வேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஓவர்ஸ்பீடு மட்டுமில்லை, எக்ஸாஸ்ட் வெப்பம் எல்லை மீறினாலும் நிறுத்தும். ஜெனரேட்டரைக் கிரிடோடு (மின்தொகுப்போடு) இணைக்கும் நேரத்தில், இணைப்புச் சுவிட்சான பிரேக்கரை மூட இரண்டாவது அனுமதி தருவதும் அதுதான்.

பேனலைத் திறந்து, மிஷினை அவசரமாக நிறுத்தும் டிரிப் சோலினாய்டு வால்வுக்குப் போகும் 125 வோல்ட் டிசி லைனை ஒரு முறை விரலால் தொடர்ந்து பாருங்கள் (வரைபடத்தில்தான், பேனலில் வேண்டாம்). ஒரு பக்கக் கம்பியை மெயின் கன்ட்ரோலரின் ரிலேக்கள் டிஆர்பிஜி போர்டில் வெட்டுகின்றன. மறு பக்கத்தை வீப்ரோவின் ரிலேக்கள் டிஆர்இஜி போர்டில் வெட்டுகின்றன. எந்தப் பக்கம் அறுந்தாலும் சோலினாய்டு விழும், எரிபொருள் வால்வைத் திறந்து பிடித்திருக்கும் டிரிப் ஆயில் வடியும், எரிபொருள் நின்றுவிடும். ஒன்று மறந்தாலும் மற்றொன்று தன்னந்தனியாக மிஷினை நிறுத்த முடியும். காசு கொடுப்பது இந்தத் தனிமைக்குத்தான். ஓவர்ஸ்பீடு டிடெக்‌ஷன் வேகக் கட்டுப்பாட்டிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 670 தரநிலை வற்புறுத்துவதும் இதனால்தான்.

இவ்வளவு பயம் ஏன் என்றால், நேரம் கிடையாது. முழு லோடில் பிரேக்கர் திறந்துகொண்டால் பெரிய மிஷின்களில் வேகம் வினாடிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். பிளேடைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் 20 சதவீதம் கூடினால் விசை 44 சதவீதம் கூடும். ஆள் ஓடிப்போய் பட்டனை அமுக்குவதெல்லாம் நடக்காது.

சரி, பேக்கப் இருந்துவிட்டால் போதுமா? இங்கேதான் உங்கள் மேலாளரைவிட உங்களைப் பற்றி எனக்குக் கவலை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் உள்ள சேலம் அணுமின் நிலையம், இரண்டாவது யூனிட், 1991 நவம்பர் 9. ஸ்டீம் டர்பைனின் மெக்கானிக்கல் டிரிப் சாதனங்களுக்கு வழக்கமான சோதனை நடந்துகொண்டிருந்தது. சோதனை லீவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்த நேரத்துக்கு மெக்கானிக்கல் பாதுகாப்பு விலக்கி வைக்கப்பட்டிருந்தது. திடீரென்று டிரிப் ஆயில் அழுத்தம் ஒரு கணம் இறங்கியது. ரியாக்டர் நின்றது, ஸ்டீம் வால்வுகள் மூடின. அடுத்த கணமே அழுத்தம் திரும்ப ஏற, வால்வுகள் மறுபடி திறந்துகொண்டன. சிக்னல் போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் சோலினாய்டு வால்வுகள் சிக்கிக்கொண்டு அசையவில்லை. ஒன்றல்ல, மூன்று. சுமார் அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் பிரேக்கர் திறந்தது. லோடு இல்லாத ரோட்டார் மீது மிச்சமிருந்த நீராவி பாய, 1800 சுற்றில் ஓட வேண்டிய மிஷின் 2900-ஐ எட்டியது. பிளேடுகள் கேசிங்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் தீப்பிடித்தது. ஒருவரும் சாகவில்லை.

எனக்கு இதில் வயிற்றைக் கலக்குவது வேறு. பக்கத்து முதல் யூனிட்டில் இதே சோலினாய்டுகளின் கோளாறு முந்தைய வருடமே தெரிந்து மாற்றியிருந்தார்கள். இரண்டாவது யூனிட்டில் மாற்றுவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. விபத்துக்கு மூன்று வாரம் முன்பு யூனிட்டைக் கிளப்பும்போது நடந்த சோதனையில் ஒரு சோலினாய்டு வேலை செய்யவும் இல்லை. அப்படியும் கிளப்பினார்கள். ‘அடுத்த ஷட்டவுன் வரை’ என்று கேட்டதும் எனக்கு இந்த யூனிட்தான் ஞாபகம் வந்தது.

எனவே கார்டு மாற்றுவதோடு நிற்காதீர்கள். ஃப்ரீக்வென்ஸி ஜெனரேட்டரை இன்புட்டில் கட்டி, கார்டின் ரிலே விழுகிறதா என்று பார்த்துவிட்டு டிக் அடிப்பது பாதிச் சோதனை. 60 பல் சக்கரம், 3000 சுற்று மிஷின் என்றால் 3300 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 110 சதவீதம். கணக்கு சுலபம், அதனால்தான் எல்லோரும் அதோடு முடித்துக்கொள்கிறார்கள். ரிலே விழுந்த பிறகு சோலினாய்டு நகர்ந்ததா, டிரிப் ஆயில் கேஜில் முள் இறங்கியதா, வால்வு உண்மையில் மூடியதா, எத்தனை நேரத்தில் மூடியது என்பதையும் பாருங்கள். மிஷின் ஓடும்போதே ஒவ்வொரு சோலினாய்டாகச் சோதிக்க வசதி இருந்தால் அதை அட்டவணையில் போடுங்கள். அப்புறம், அந்தச் சோதனை நடக்கும் சில நிமிடங்களில் எந்தப் பாதுகாப்பு கழன்றிருக்கிறது என்பதைப் பர்மிட்டில் எழுதி வையுங்கள்.

பவர் சப்ளையையும் விடாதீர்கள். 2021 மே 25-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் காலைட் சி4 யூனிட்டில் பேட்டரி சார்ஜர் மாற்றும் வேலையில் டிசி போய், அதைத் தொடர்ந்து ஏசியும் போனது. பாதுகாப்பு எல்லாம் செத்துவிட்டதால் ஜெனரேட்டரைக் கிரிடிலிருந்து கழற்ற ஆளில்லை. கிரிட் அதை மோட்டாராகச் சுற்றியது, பேரிங்குகளுக்கான லூப் ஆயில் இல்லாமல், 34 நிமிடம். பிறகு வெடித்தது. இரண்டு காவலும் ஒரே பேட்டரியில் உட்கார்ந்திருந்தால் பேட்டரி போகும்போது இரண்டும் சேர்ந்து போகும். டிசி போனால் தானாக டிரிப் ஆகும் அமைப்பா என்று பாருங்கள். உங்கள் 125 வோல்ட் சோலினாய்டுகள் அந்த வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இப்போது உங்கள் பழுதான கார்டு. அது எந்தப் பக்கம் செத்திருக்கிறது? ரிலே விழுந்த நிலையில், அதாவது ‘டிரிப்’ என்று ஓட்டுப் போட்டுவிட்டுச் செத்திருந்தால், மீதி இரண்டில் ஒன்று சொன்னாலே மிஷின் நின்றுவிடும். ஆபத்து இல்லை, ஆனால் இன்னொரு கார்டில் சின்னக் கோளாறு வந்தால் நள்ளிரவில் முழு லோடோடு டிரிப். புதுக் கார்டின் விலையையும் அந்த டிரிப்பில் போகும் உற்பத்தியையும் ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் நீட்டுங்கள், அவரே கையெழுத்துப் போடுவார். மாறாக, ரிலே மேலேயே ஒட்டிக்கொண்டு, ‘டிரிப்’ என்று சொல்லவே முடியாமல் இருந்தால் மீதி இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் நிற்கும். அப்போது நீங்கள் ஓட்டுவது பாதிப் பேக்கப். அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்காதீர்கள், எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

தொல்லை டிரிப் வருகிறது என்று அந்த ரிலேவுக்கு ஜம்பர் (அதைத் தாண்டிப் போகும் வயர்) போடும் யோசனை யாருக்காவது வந்தால், அந்த ஷிஃப்டில் நீங்கள் இருக்க வேண்டாம்.

பழைய மார்க் 6 கார்டுகள் ரீஃபர்பிஷ் செய்து விற்கும் சந்தையில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. வாங்குமுன் கார்டின் ரிவிஷன், ஃபர்ம்வேர் இரண்டும் மற்ற இரண்டு கார்டுகளோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். போட்ட பிறகு ஓவர்ஸ்பீடு செட்பாயின்ட்டை (எந்த வேகத்தில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணை) மூன்றிலும் தனித்தனியாகப் படித்து ஒப்பிடுங்கள். ரிலே எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் எழுதுங்கள்.