கடல் பூஞ்சைச் சாறு திடீரென்று வேலை செய்யாமல் போனது ஏன்?

கடற்பஞ்சிலிருந்து பிரித்த ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் சாறு முதல்முறை புற்றுநோய் செல்களைக் கொன்றது, அளவைக் கூட்டி வளர்த்ததும் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கும்.

சின்னக் குடுவையை அசைக்காமல் வைத்துவிட்டு, பெரியதைக் குலுக்கியில் போட்டீர்களா? அப்படியென்றால் என் சந்தேகம் அங்கேதான். அசையாத ஊடகத்தில், அதாவது வளர்ப்புக் கரைசலில், பூஞ்சை மேற்பரப்பில் தோல்போலப் படர்ந்து வித்துகள் விடும். குலுக்கினால் உருண்டை உருண்டையாகத் திரளும். வளரும் விதம் மாறினால் சுரக்கும் சேர்மங்களும் மாறிவிடும். கடல் உப்பின் அளவு மாறினாலும் இதே கதைதான். பலமுறை மறுவளர்ப்பு செய்த தட்டை விட்டுவிட்டு, கிளிசராலில் உறையவைத்த முதல் தலைமுறையிலிருந்து தொடங்குங்கள். அரிசி ஊடகத்திலும் ஒருமுறை வளர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, சோதனைத் தட்டில் செல் இல்லாத கிணறுகளில் (குழிகளில்) சாற்றையும், உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றும் எம்டிடி சாயத்தையும் மட்டும் விட்டுப் பாருங்கள். ஊதா நிறம் வந்தால், சாறே எம்டிடியை வேதிவினையால் ஒடுக்கி ஊதாவாக மாற்றுகிறது. செத்த செல்கள்கூட உயிருள்ளவைபோலக் கணக்காகியிருக்கும்.

முதல் சாறு மிச்சமிருந்தால் சேர்மங்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காட்டும் எல்சி-எம்எஸ் கருவியில் ஓட்டுங்கள். கிளியோடாக்சின் என்ற பூஞ்சை நச்சு தெரிந்தால் அதன் பின்னால் போகவேண்டாம், அது நல்ல செல்களையும் கொல்லும். வேறு ஏதாவது என்றால் விடாதீர்கள். ஹாலிமைடு என்ற சேர்மமும் கடல் ஆஸ்பர்ஜில்லஸ் தந்ததுதான். அதை மாற்றியமைத்த பிளினாபுலின் என்ற மருந்து மூன்றாம் கட்ட மனிதச் சோதனைவரை போனது.

இரண்டு சாறுகளின் குரோமடோகிராமையும் (ஒவ்வொரு சேர்மமும் ஒரு சிகரமாகத் தெரியும் வரைபடம்) இங்கே போடுங்கள், எந்தச் சிகரம் காணாமல்போனது என்று சேர்ந்தே பார்ப்போம்.