நாற்பது கெஜ ஓட்டம் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஏப்ரல் வந்தால் எங்கள் அலுவலகத்தில் என்எஃப்எல் டிராஃப்ட் பற்றித்தான் பேச்சு. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு அது. கல்லூரியில் ஜொலித்த ஒரு சேஃப்டி, அதாவது தடுப்பு அணியில் கடைசியாக ஆழத்தில் நிற்கும் காவலர், தொழில்முறை ஆட்டத்தில் தேறுவாரா என்று கேட்டால், நண்பர்கள் பார்ப்பது நாற்பது கெஜ ஓட்டத்தின் நேரத்தை மட்டும்தான். 2022-ல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கைல் ஹாமில்டன் 4.59 நொடியில் ஓடியபோது உதட்டைப் பிதுக்கினார்கள். இன்று அவர் பெயரைச் சொன்னால் ‘அவர் விதிவிலக்கு’ என்கிறார்கள். விதிவிலக்குதானா?

எஸ்.
கொலம்பஸ், ஒஹையோ

அன்புள்ள எஸ்.,

இல்லை. உங்கள் நண்பர்களிடம் 2010 டிராஃப்டைப் பற்றிக் கேளுங்கள். யூஎஸ்சி (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக) சேஃப்டி டெய்லர் மேஸ் அப்போது பெரிய பெயர். ஆறடி மூன்று அங்குல உயரம், 230 பவுண்டு எடை, அந்த உடம்போடு 4.43 நொடி. கல்லூரியில் நான்கு ஆண்டும் அவருக்குத் தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல். அந்த ஜனவரியில்தான் கேரல் சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போயிருந்தார். அவருக்கு சேஃப்டி தேவைப்பட்டது. 14-வது தேர்வில் அவர் எடுத்தது மேஸை அல்ல, டெக்ஸாஸின் ஏர்ல் தாமஸை. ஐந்தடி பத்து அங்குலம்தான் அவர். மேஸ் 49-வது வரை காத்திருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். எந்த அணியிலும் முதல் வரிசை இடம் அவருக்கு நிலைக்கவில்லை. தாமஸும், கேரல் ஐந்தாம் சுற்றில் எடுத்த கேம் சான்சலரும் சேர்ந்து காத்த அணி, 2014 பிப்ரவரியில் டென்வரை 43–8 என்று நொறுக்கி, என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. மேஸை உலகிலேயே நன்றாக அறிந்த பயிற்சியாளர் அவரை விட்டுவிட்டார் என்பதைவிட வலுவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

இரண்டு ஆட்டமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் களமே வேறு. பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லையான ஹேஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரிக் களத்தில் 40 அடி. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே சேஃப்டிக்குத் தெரியும். என்எஃப்எல்லுக்குப் போனால் பந்து ஏறக்குறைய நடுவில் இருக்கும். பந்தை எறிபவரான குவாட்டர்பேக் இரு பக்கமும் எறியலாம். கல்லூரியில் பந்து எறியப்படும்வரை, அதைப் பிடிக்க ஓடும் ரிசீவரை உடம்பால் மோதித் தடுக்க ஓரளவு இடமுண்டு. என்எஃப்எல்லில் ஐந்து கெஜத்துக்கு அப்பால் அப்படித் தொட்டால் தண்டனை. ஆக, முட்டி மோதியே பேர் வாங்கியவரின் பலம் அங்கே பாதியாகிவிடும். பந்து கையை விட்டுப் போகும் முன்பே கிளம்பத் தெரிந்தவர்தான் தப்பிப்பார்.

ஹாமில்டனுக்கு அது தெரிந்திருந்தது. 2021 பருவத்தின் முதல் ஆட்டத்தில், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக, களத்தின் ஒரு பாதியிலிருந்து புறப்பட்டு எதிர் ஓரக்கோட்டில் அவர் பிடித்த பந்தை யூடியூபில் தேடிப் பாருங்கள். 4.59 ஓடுகிற கால்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் கண்தான்.

ஆனால் ஆட்டக்காரரின் திறமையை மட்டும் வைத்து நான் பந்தயம் கட்டமாட்டேன். அணி அவரை எங்கே நிறுத்துகிறது என்பதும் முக்கியம். 2020-ல் க்ளெம்சனின் ஐசையா சிம்மன்ஸ் 4.39 ஓடி எட்டாவது தேர்வானார். கல்லூரியில் எல்லா இடத்திலும் ஆடியவர் என்பதே அவரது புகழ். அரிசோனாவில் லைன்பேக்கரா (சேஃப்டிக்கு முன்னால் நிற்கும் தடுப்பாளர்) சேஃப்டியா என்று கடைசிவரை தெளியவில்லை. 2023-ல் ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு அவரை நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான். அதே 2023-ல் ஹாமில்டனின் என்எஃப்எல் அணியான பால்டிமோர் அவரை எதிரணி வரிசைக்கு நெருக்கமாகவும் நிறுத்திப் பார்த்தது. இண்டியானாபொலிஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று முறை குவாட்டர்பேக்கை வீழ்த்தினார். அந்த ஆண்டே, லீகின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம். 2025 ஆகஸ்டில் நான்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம்.

உங்கள் நண்பர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் தொடர்வதால், ஆழத்தில் நிற்கும் சேஃப்டி பெரும்பாலும் திரைக்கு வெளியேதான் இருப்பார். இருபத்திரண்டு பேரும் தெரியும்படி மேலிருந்து எடுத்த பதிவுகள் கிடைக்கின்றன. அடுத்த டிராஃப்டுக்கு முன் அவற்றில் இரண்டு ஆட்டங்களை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பந்தை விட்டுவிட்டு அந்த ஒருவரை மட்டும் பாருங்கள். என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.