புறநகரில் சமையலறையோடு விடுமுறை வீடு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பல வருடங்களாக விடுமுறை என்றால் நாங்களே சமைத்துக்கொள்ளும் வீடுகளில்தான் தங்குகிறோம். பட்ட அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அக்கா, ஊருக்கு நடுவில் ஓட்டல் அறை, ஏறக்குறைய அதே வாடகைக்குப் புறநகரில் முழு வீடு. எதை எடுப்பது?

எத்தனை பேர், எத்தனை இரவு? இரண்டு பேர், இரண்டு இரவு என்றால் யோசிக்காமல் ஓட்டல். வீட்டுக்குச் சுத்தம் செய்யும் கட்டணம் ஒன்று தனியாக வரும். பெரும்பாலும் இரண்டு நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும் அது ஒரே தொகைதான். நான்கு பேர் ஒரு வாரம் தங்கினால் அது பரவிப்போய் உறைக்காது.

அப்புறம் போக்குவரத்து. 'நிலையத்திலிருந்து 10 நிமிடம்' என்று எழுதியிருப்பார்கள். நடந்தா, காரிலா என்று கேளுங்கள். வரைபடச் செயலியில் புறப்படும் நேரத்தை ஞாயிறு இரவு 10.30 என்று மாற்றித் தேடிப் பாருங்கள். பகலில் கால் மணிக்கொன்று வரும் பேருந்து அந்த நேரத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால், மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகைக் காருக்கே போய்விடும்.

உள்ளே போனதும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

எல்லாரும் வைஃபை கடவுச்சொல்லைத் தேடுவார்கள். நான் பெட்டிகளைக் குளியலறையில் வைத்துவிட்டுப் படுக்கைக்குப் போவேன். விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் விரித்து, கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கருப்புப் புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும், கண்ணுக்கே தெரியும். பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்காரருக்குப் படம் அனுப்புங்கள்.

அடுத்து குழாய்கள். வீடு சில வாரம் பூட்டிக் கிடந்திருந்தால் குழாயில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரலாம். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெதுவெதுப்பு அதற்குப் பிடிக்கும். அது நீர்த்திவலையோடு மூச்சில் போனால்தான் வம்பு. அதனால் ஷவர் தலையைக் கீழே இறக்கி, சில நிமிடம் ஓடவிட்டு, நீங்கள் வெளியே நில்லுங்கள்.

எரிவாயு வால்வு, மின்சார மெயின் சுவிட்ச் இரண்டும் எங்கே என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். கேஸில் ஓடும் ஹீட்டர் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. மூக்கை நம்ப முடியாது.

கடைசியாக, அறை அறையாக ஒரு வீடியோ. ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்கள் முன்பணத்தில் கை வைக்கமாட்டார்கள்.

சமையலறையில் எல்லாம் இருக்கும் என்கிறார்கள். எதையாவது கொண்டுபோகணுமா?

ஒரு நல்ல கத்தி. உலகத்தின் மொண்ணைக் கத்திகளெல்லாம் விடுமுறை வீடுகளில்தான் ஓய்வுகாலத்தைக் கழிக்கின்றன. (விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காதீர்கள்.) முதல் நாளுக்கு உப்பு, கொஞ்சம் எண்ணெய், புதிய பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. அங்கே கிடக்கும் பஞ்சை நான் தொடுவதே இல்லை.

உங்கள் பாத்திரத்தை எடுத்துப்போவதாக இருந்தால், அடுப்பு இண்டக்‌ஷனா என்று முன்பே கேளுங்கள். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது.

ஃப்ரிட்ஜ் அணைத்துக் கிடந்தது. உடனே பொருள்களை வைக்கலாமா?

போட்டவுடன் குளிராது, சில மணி நேரம் ஆகும். 5 டிகிரிக்குக் கீழே வரும்வரை பால், இறைச்சி வாங்காதீர்கள்.

தினமும் சமைக்கணுமா?

எதற்கு? விடுமுறை உங்களுக்கும்தான். காலைச் சாப்பாடு மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டாலே கணிசமாக மிச்சம்.

உள்ளே கேமரா இருக்குமோ என்று மனைவி பயப்படுகிறாள்.

பயம் நியாயமானதே. ஏர்பிஎன்பி என்ற வாடகை வீட்டு இணையதளத்தில் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவே கூடாது, வெளியே இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். வேறு வழியில் எடுத்தால், 'உள்ளே கேமரா உண்டா?' என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையைப் பார்த்தபடி தேவையில்லாமல் ஒரு கடிகாரமோ சார்ஜரோ இருந்தால் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

நள்ளிரவில்தான் போய்ச் சேருவோம். பரவாயில்லையா?

சாவிப் பெட்டியின் (வாசலில் சாவியை வைத்திருக்கும், எண் பூட்டுள்ள சின்னப் பெட்டி) எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை கைபேசி சார்ஜ் தீர்ந்து, எண்ணும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ள, பூட்டிய கதவுக்கு முன்னால் பயணப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று, புறநகரில் இரவு பதினொன்றுக்கு மேல் சக்கரப் பெட்டியை உருட்டினால் தெரு முழுக்க எழுந்துவிடும். கையில் தூக்குங்கள்.

கிளம்பும்போது எவ்வளவு சுத்தம் செய்யணும்?

அதற்குத்தான் கட்டணம் வாங்கிவிட்டார்களே, தரையெல்லாம் துடைக்க வேண்டாம். பாத்திரம் கழுவி, ஃப்ரிட்ஜைக் காலி செய்தால் சரி. குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், எந்தத் தொட்டி எதற்கு என்று மட்டும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். சாவியைச் சாவிப் பெட்டியில் போட்டுவிட்டு எண்களைக் கலைக்க மறந்துவிடாதீர்கள். நான் போன இரண்டு வீடுகளில் முந்தையவர் வைத்த எண் அப்படியே நின்றது.