எம்ஆர்ஐயிலிருந்து சிடி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (கதிரியக்கத் தொழில்நுட்ப மாணவி): எம்ஆர்ஐ படத்தை ஏஐ வைத்து சிடியாக மாற்றுவது எதற்கு? நேராக சிடியே எடுத்துவிடலாமே?

எடுக்கலாம். ஆனால் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது, மூளை போன்ற இடங்களில் கட்டியின் எல்லை எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரியும். உடல் எவ்வளவு கதிரை உறிஞ்சும் என்று கணக்குப் போடவோ சிடி எண்கள் வேண்டும்: தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, எலும்புக்குப் பல நூறு. இரண்டு ஸ்கேனையும் பொருத்தும்போது ஓரிரு மில்லிமீட்டர் பிசகலாம். எம்ஆர்ஐயிலிருந்தே சிடி கிடைத்துவிட்டால் அந்தப் பிசகும் இல்லை, கூடுதல் எக்ஸ்ரேயும் இல்லை.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): எலும்பில் மட்டும் எங்கள் மாடல் தடுமாறுகிறதே?

சாதாரண எம்ஆர்ஐயில் கெட்டி எலும்பும் கறுப்பு, காற்றும் கறுப்பு. எலும்பின் சிக்னல் பதிவாவதற்குள் அடங்கிவிடுகிறது. மூக்கை ஒட்டிய காற்றறைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய எலும்புத் தகடு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்கே தெரியாது. மாடலும் அக்கம்பக்கத்தை வைத்து ஊகிக்கத்தான் செய்கிறது. மிகக் குறுகிய எக்கோ நேரத்தில், அதாவது எலும்பின் சிக்னல் அடங்குவதற்குள் பதிவுசெய்து எடுத்த எம்ஆர்ஐ இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர்): ஒரே நோயாளியின் எம்ஆர்ஐ, சிடி என்ற ஜோடிப் படங்கள் இல்லை. சைக்கிள்கேன் (ஒரு வகைப் படத்தை இன்னொரு வகையாக மாற்றக் கற்கும் ஏஐ முறை) போதுமா?

2017இல் வந்த சைக்கிள்கேனுக்கு ஜோடி தேவையில்லை, உண்மைதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வெளிவரும் படம் பார்வைக்கு சிடி மாதிரி இருந்தால் அதற்குத் திருப்தி. இந்த நோயாளியின் சிடிதானா என்று சரிபார்க்க அதற்கு வழியில்லை. பயிற்சிக்குக் கொடுத்த இலக்குப் படங்களில் (இங்கே சிடிகளில்) கட்டியே இல்லையென்றால், இருக்கிற கட்டி மறையலாம். கட்டிகள் நிறைந்திருந்தால், இல்லாத கட்டி முளைக்கலாம். மூளை எம்ஆர்ஐ படங்களில் 2018இலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, நன்றாகப் பொருத்திய ஜோடிகளைத் திரட்டுங்கள்.

அவரே மறுபடியும்: டிஃப்யூஷன் மாடலுக்கு (தற்செயலான புள்ளிகளில் தொடங்கிப் படிப்படியாகப் படத்தை உருவாக்கும் ஏஐ) மாறலாமா?

மாறலாம், மெதுவாக ஓடும், அவ்வளவுதான். ஒரே எம்ஆர்ஐயைப் பலமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மாறும் இடங்களைச் சந்தேகியுங்கள். மாறாத இடமெல்லாம் சரி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி (மருத்துவ இயற்பியல் பயிற்சியாளர்): எஸ்எஸ்ஐஎம் (இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும் எண்; முழு ஒற்றுமைக்கு 1) 0.9க்கு மேல் வருகிறது. போதாதா?

போதாது. அது முழுப் படத்தின் சராசரி. படத்தில் பெரும்பகுதி வெறும் பின்னணியாகவும் இருக்கலாம். சின்னக் கட்டி ஒன்று காணாமல் போனாலும் அந்த எண் அசையாது. எலும்பு, மென்திசு, காற்று எனத் தனித்தனியே பிழையைப் பாருங்கள். அப்புறம் கதிர் அளவையே நிஜ சிடியிலும் ஒருமுறை கணக்கிட்டு ஒப்பிடுங்கள். என் மாடல் ஒன்று, இடுப்பில் உலோக மூட்டு வைத்த ஒருவருக்கு அந்த இடத்தில் அழகான எலும்பை வரைந்து வைத்திருந்தது. பயிற்சிப் படங்களில் உலோகமே இல்லை. சராசரி எண்ணில் அது தெரியவில்லை. கதிர் அளவை ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது.